செதுன்யா தம்பிக்குக் காட்டிய படம்

செதுன்யாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்றுதான் மவுன் ஊரில் நாங்கள் பேசிக்கொள்வோம். மாமியாரையே ஒரு தடவை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியவள். ஒகவாங்கோ சதுப்பில் சிங்கத்தையும் எருமையையும் படம் பிடிக்க வருகிற கம்பெனியில் அவளுக்கு வேலை. நான் அங்கே வண்டி ஓட்டுகிறேன். வண்டியை விட என் வாய்தான் அதிகம் ஓடுகிறது என்பாள்.

பிடித்துவரும் படம் அத்தனை பெரிசு. நேராகப் போட்டால் கம்ப்யூட்டர் திக்கித் திணறி நின்றுவிடும். ஓட்டிப் பார்ப்பதற்கென்று அவள் சின்ன நகல் எடுப்பாள். அப்படிச் சுருக்குகிற முறைக்குக் கோடெக் என்று பெயர்; அவளிடம் இரண்டு. இலேசானது சீக்கிரம் முடியும். சிங்கம் தெரியும், புல் பூண்டெல்லாம் குழைந்துவிடும். கனமானது புல் நுனி வரை காட்டும். எடுத்து முடிக்கத்தான் நேரமாகும், டிஸ்க்கையும் தின்னும். டைரக்டருக்குச் சிங்கம் தெரிந்தால் போதும். அதனால் எப்போதும் இலேசானதுதான்.

அன்றைக்கு மதியம் அவள் தம்பி மொதூசியின் ஓடம் ஆளில்லாமல் கவிழ்ந்து மிதந்து வந்தது. டூரிஸ்டுகளை ஏற்றிக் கழி ஊன்றி ஓடம் விடுகிறவன். முந்தின நாள் மீனுக்கென்று தனியாகப் போயிருந்தான். கிழக்கு, நடு, மேற்கு என்று கால்வாய் மூன்று, தேட இருந்தது ஒரே மோட்டார் படகு. நல்லவேளை, அன்று காலையில் எங்கள் ஆட்கள் மூன்றுக்கும் மேலே டிரோன் விட்டு எருமைக் கூட்டத்தை எடுத்திருந்தார்கள்.

செதுன்யா இலேசான நகலை எடுத்து ஓட்டினாள். தண்ணீர், எருமை, பச்சைக் கூழாக நாணல். திரும்ப ஓட்டினாள். ஒன்றும் இல்லை.

"இதுல ஆளே கெடந்தாலும் தெரியாது மாமா. கனமானதுலதான் போடணும்."

"போடேன் தாயி."

"மூணையும் போட்டா விடிஞ்சிரும். இருட்டுறதுக்குள்ள ஒண்ணுதான் முடியும்."

படகுக்காரர் வாசலில் வந்து நின்றார். "பெட்ரோல் ஊத்தியாச்சும்மா, ஒரு கால்வாய்க்குத்தான் வரும். எந்தப் பக்கம் போக?"

"மீனுன்னா கிழக்கதான் போவான்..." மவுஸைக் கிழக்குக் கால்வாய்ப் படத்துக்குக் கொண்டுபோனாள்.

நான் தொண்டையைச் செருமினேன். "மேற்கப் போடு."

"மேற்க ஏது மீனு?"

"மீனு இல்ல. அங்க திகெலேதின்னு ஒரு விதவை இருக்கா. ஊருக்கே தெரியும், உன் வீட்டுக்குத்தான் தெரியாது."

"அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா மாமா!"

"அதான் யாரும் சொல்லல."

"இது புரளியா இருந்தா?"

இத்தனை வருஷம் ஊர்க்கதை பேசியிருக்கிறேன்; ஒன்றாவது உண்மையா என்று யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவள் மேற்கைப் போட்டாள்.

எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை திரையில் ஊர்ந்தது. சாப்பிட வாங்கிவந்த மக்விண்யா, பொரித்த மாவுருண்டை, பொட்டலத்திலேயே எண்ணெய் உறைந்து கிடந்தது. படகுக்காரர் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட ஆரம்பித்ததும் நாணல் தனித்தனியாகத் தெரிந்தது. அதற்குள் நேராக ஒரு கோடு. ஓடக்காரன் நின்றால் ஊன்றி வைக்கிற கழி. அதன் அடியில் சேற்றில் சாய்ந்து மொதூசி.

"கை அசையுது! மாமா, அசையுது!" என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவனுக்கு இரண்டு முழம் தள்ளி ஒரு முதலை, அவனைப் பார்த்தபடி.

"இது காலையில எடுத்தது. இப்ப மணி என்ன?"

நான் வாசலுக்கு ஓடிப் படகுக்காரருக்கு மேற்கே கை காட்டினேன். படகு கிளம்பியது.

பொழுது சாயும்போது உயிரோடு கொண்டுவந்தார்கள். நீர்யானை ஓடத்தைக் கவிழ்த்ததில் தொடை எலும்பு முறிந்திருந்தது. செதுன்யா கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கால் கூடியதும் மொதூசி, "அந்தப் படத்தக் காட்டுக்கா" என்று வந்து நின்றான். அவளுக்கு முகம் வெளிறிப்போனது. அந்த முதலையைப் பார்த்தால் மறுபடி தண்ணீரில் இறங்குவானா? இந்த ஊரில் அவனுக்கு ஓடம் தவிர வேறு பிழைப்பு கிடையாது. கனமானதைத் திறக்கப் போன கை நின்றது. இலேசானதைத் திறந்து விரல் வைத்துக் காட்டினாள். "இந்தா, இந்தப் புள்ளிதான் நீ."

மொதூசி திரையில் மூக்கு ஒட்டக் குனிந்து, புள்ளிக்குப் பக்கத்தில் நீளமாகத் தெரிந்ததைத் தொட்டான். "அட, அந்தக் கட்டை! அன்னிக்கு அதுல சாஞ்சுக்கலாம்னு கைய நீட்டி நீட்டிப் பாத்தேன். எட்டவே இல்ல."

செதுன்யா என்னைப் பார்த்தாள்.

"கட்டைதான்டா" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே புதுக் கழி சீவப் போனான். அவள் திரையை அணைத்துவிட்டு வெகுநேரம் கையை அதன் மேலேயே வைத்திருந்தாள்.