கோடாலிக் கடையில் ஓர் இருக்கை காலி

முறித்துப் போட்ட ரப்பர் மரம் வீட்டில் கிடக்கிறது. மழைக்கு முன்னால் விறகாக்க வேண்டும். பழைய கோடாலியோ ஒவ்வொரு வெட்டுக்கும் மரத்திலேயே சிக்கிக்கொள்கிறது. அதனால் இன்று பனச்சமூடு இரும்புக்கடைக்குப் போனேன்.

"ஆம்பிளைகள் ஆரும் வரல்லியா மக்கா?" என்றார் கடைக்காரர்.

வீட்டில் விறகு கீறுவதே நான்தான். சும்மா சிரித்து வைத்தேன்.

வாசலில் ஒரு மரக்கட்டை மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், கேட்காமலே எனக்காகத் தேர்வு செய்ய வந்துவிட்டார். மெல்லிய வாயுள்ள, பளபளப்பான, விலை கூடிய கோடாலியைத் தூக்கினார்.

"இதாக்கும் சாதனம்! பெண்பிள்ளைகளுக்கு வேற ஒண்ணும் பற்றாது."

என் கண்ணோ மூலையில் கிடந்த மலிவான தடிச்ச கோடாலி மேல். ஆப்பு மாதிரி இருந்தது.

"வெட்டிப் பாக்கலாமா?" என்றேன். அங்கே நான் பேசியதே அவ்வளவுதான்.

அண்ணன் தான் இருந்த கட்டையிலேயே ஓங்கிப் போட்டார். கோடாலி பாதி இறங்கி அங்கேயே குடியேறிவிட்டது. இழுத்தார். கட்டையும் கூடவே வந்தது.

"எலே, விக்கியதுக்கு வச்சிருக்க சாதனமாக்கும்!" என்று கடைக்காரர் கத்தினார்.

ஒருவழியாகப் பிடுங்கி முடித்ததும், தடிச்சதை எடுத்து அதே வெடிப்பில் ஒரு போடு போட்டேன். கட்டை இரண்டாக விழுந்தது.

"செரி, இனி நான் எங்க இருப்பேன்?" என்றார் அண்ணன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். மடியில் அந்தத் தடிச்ச கோடாலி. பக்கத்து சீட்டில் கடைசிவரை யாரும் உட்காரவில்லை.

பஸ்ஸில் இடம் கிடைக்காதவர்கள் சொல்லுங்கள், இரவல் தருகிறேன்.