அண்ணாவின் நீளத் துவக்கும் என் பயமும்

அண்ணா கரவெட்டியில் பிறந்து டோர்ட்முண்டில் கண்மூடினார் என்பது இந்த நினைவு மலரின் முதற் பக்கத்திலேயே இருக்கிறது. அவருடைய படிப்பு, தொழில், கோயில் தொண்டு பற்றியெல்லாம் மற்றவர்கள் நன்றாக எழுதித் தந்திருக்கிறார்கள். நாங்கள் துவக்கு என்று சொல்லும் அந்தத் துப்பாக்கியைப் பற்றி எழுத மட்டும் ஒருவரும் முன்வரவில்லை. "அதை ஏன் இதுக்குள்ளை?" என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் அதை விட்டுவிட்டு அண்ணாவின் பிற்காலத்தைச் சொல்ல முடியாது. ஆகவே குடும்பத்தில் பெரிய பயந்தாங்கொள்ளியான தங்கை நானே எழுதுகிறேன்.

எங்கள் ஐயா காலமானபோது அண்ணா பள்ளிக்கூடப் பிள்ளை. அன்றிலிருந்து அம்மாவும் நானும் அவர் பொறுப்பு. சண்டைக் காலத்தில் வெடிச்சத்தம் கேட்டால் எங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, தான் கதவோடு சாய்ந்து உட்கார்ந்திருப்பார். பிறகு ஜேர்மனிக்கு வந்தார். அகதி முகாமில் இருந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, இரும்புச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் வேலை பிடித்து, என்னையும் கூப்பிட்டுக் கலியாணம் செய்துவைத்தார். அம்மாவைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் சரிவருமுன் அம்மா போய்விட்டார். அதைப் பற்றி அண்ணா யாரிடமும் கதைத்ததில்லை.

தொழிற்சாலையில் அவருக்குக் கிடைத்த சிநேகிதர் ஹெல்முட். அவர்தான் அண்ணாவைத் தங்கள் ஊர்த் துவக்குச் சூட்டுச் சங்கத்துக்கு அழைத்துப் போனவர். அங்கே சிலர் நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய துவக்குகளை அப்படியே பார்த்துப் புதிதாகச் செய்தவற்றை வைத்துத் தூரத்து அட்டையைச் சுடுவார்கள். அண்ணாவுக்கு அதில் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒருநாள் ஆள் உயரத்துக்கு ஒரு நீளப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். திரைச்சீலை போடுகிற கம்பி என்று அண்ணி சந்தோஷப்பட்டுத் திறந்தார். உள்ளே இத்தாலியில் செய்த துவக்கு. அண்ணி எனக்கு ரெலிபோன் எடுத்து அழுத அழுகையில் யாரோ செத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

"பொலிஸ் வந்து பிடிக்காதோ?" என்று கேட்டேன்.

"இந்த மாதிரிப் பழங்காலத்து ஒற்றை வெடித் துவக்கை வாங்க லைசென்ஸ் தேவையில்லை. வெடிமருந்துக்குத்தான் படிச்சுச் சோதினை எழுதி அனுமதி எடுக்கவேணும். நான் எடுத்திட்டன்" என்றார் அண்ணா. ஜேர்மன் மொழியில் எழுதிய சோதனையில் பாஸ் பண்ணிய பெருமை அவர் முகத்தில் வழிந்தது.

"துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள்? இப்ப காசு குடுத்து வாங்கியிருக்கிறியள்."

"அங்கை வெடிச்சால் எங்கையிருந்து வருது எண்டு தெரியாது பிள்ளை. இங்கை வெடிக்கிறது நான். எப்ப வெடிக்கும் எண்டு எனக்குத் தெரியும்."

அவருக்குத் தெரிந்தது சரி. எனக்குத் தெரியவில்லையே. அவர் சங்கத்துக்குப் போகிற சனிக்கிழமைகளில் எனக்குச் சோறு இறங்காது. பின்னேரம் அண்ணிக்கு ரெலிபோன் எடுத்து "வந்திட்டாரோ?" என்று கேட்டபிறகுதான் மூச்சு வரும். "வந்திட்டார், எல்லா விரலும் இருக்கு" என்று அண்ணி பகிடி விடுவார். பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும்.

அந்தத் துவக்கைப் பற்றிச் சும்மா இருந்த எனக்கும் அவர் விளக்கம் சொல்லாமல் விட்டதில்லை. வீட்டில் அளந்து சின்னக் குழாய்களில் அடைத்த கறுப்பு மருந்தைத் துவக்கின் வாய்வழியே கொட்டவேண்டும். அதன்மேல் ஈயக்குண்டை நீளத் தடியால் தள்ளி இறக்கவேண்டும். தடியில் ஒரு கோடு கீறியிருக்கும். மருந்து அளவாக இருந்தால் கோடு துவக்கின் வாயோடு சரியாக நிற்கும். கடைசியாகப் பின்பக்கத்தில் சிறிய தொப்பிபோன்ற கேப்பைச் செருகினால் வெடிக்கத் தயார். மருந்தை இரண்டு தரம் கொட்டிவிட்டால் குழலே வெடித்து முகத்தைக் கொண்டுபோகலாம் என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அது நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

பிறகு அண்ணா மறக்கத் தொடங்கினார். கேத்திலை வெறுமையாக அடுப்பில் வைத்தார். அண்ணியிடம் ஒரே கேள்வியைத் திரும்பவும் திரும்பவும் கேட்டார். வயசு என்றார் அண்ணி. நரம்பு வைத்தியரைப் பார்க்க எடுத்த தெர்மீன், அவர் தந்த நாள், இன்னும் கிழமைக்கணக்கில் தள்ளி இருந்தது. அதுவரைக்கும் சங்கத்துக்குப் போகவேண்டாம் என்று கெஞ்சினேன்.

"ஏலாது. கனகாலமாய்ப் போற இடம். நீ வேணுமெண்டால் வந்து பார்" என்றார்.

போனேன். காதில் மூடி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு அவருக்குப் பின்னால் நின்றேன். மற்றவர்கள் வெடிக்கும்போதெல்லாம் வெள்ளைப் புகை எழும்பிக் கந்தக மணம் அடித்தது. ஒவ்வொரு வெடிக்கும் உடம்பு தூக்கிப் போட்டது. அண்ணாவோ கோயிலில் விளக்கேற்றுபவர்போல் நிதானமாக வேலை செய்தார். ஒரு குழாய் மருந்தைக் கொட்டினார். அப்போது ஹெல்முட் வந்து தோளில் தட்டி ஏதோ கதை கேட்டார். இருவரும் சிரித்தார்கள். ஹெல்முட் தன் இடத்துக்குத் திரும்பினார். அண்ணா இன்னொரு குழாயை எடுத்துக் கொட்டினார். குண்டை வைத்துத் தடியால் இறக்கினார். தடியில் இருந்த கோடு மூன்று விரல் உயரத்துக்கு வெளியே நின்றது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. தடியை உருவி வைத்துவிட்டு மேசையில் கேப்பைத் தேடினார்.

சுடுகிறவரைத் தொடக்கூடாது என்று எழுதிப் போட்டிருந்ததையும் பார்த்தேன். தொட்டேன்.

"அண்ணா, வைக்காதேங்கோ. மருந்து ரெண்டு தரம் போட்டிட்டீங்கள்."

"உனக்கு விசரே? எனக்குப் படிப்பிக்க வந்திட்டியோ?"

"ஹெல்முட்டோட கதைக்க முந்தி ஒருக்கால் போட்டனீங்கள். பிறகும் போட்டனீங்கள். தடியை விட்டுப் பாருங்கோ."

கேப் அவர் விரல்களுக்கிடையில் இருந்தது. என்னைப் பார்த்தார், வெறுமையான குழாய்களைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். கோபம் போய்விட்டது. அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"நான் போட்டனானே?" என்று மெல்லக் கேட்டார்.

வாழ்நாள் முழுக்க என்னிடம் எதையும் கேட்டு அறியாத மனிதர் அப்படிக் கேட்டதுதான், நான் பட்ட பயங்களிலேயே பெரிய பயம். "ஓம், போட்டனீங்கள்" என்றேன். அவர் கேப்பை மேசையில் வைத்துவிட்டுத் துவக்கின் வாயை அட்டைப்பக்கமாகவே பிடித்தபடி கையை உயர்த்தி ஹெல்முட்டைக் கூப்பிட்டார். ஹெல்முட் திருகுக்கம்பியால் குண்டைக் கழற்றி மருந்தைக் கடதாசியில் கவிழ்த்தார். அளவில் இரண்டு மடங்கு இருந்தது. அண்ணா துவக்கைத் துடைத்து, பெட்டியில் வைத்துப் பூட்டி, திறப்பை ஹெல்முட்டின் கையில் கொடுத்தார். "இனி எனக்கு வேண்டாம்" என்று ஜேர்மன் மொழியில் சொன்னார். வரும் வழியில் காரில் நான்தான் அழுதேன்.

அதன்பின் வைத்தியர் சொன்னதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அண்ணா கொஞ்சங்கொஞ்சமாக எங்களை விட்டு விலகிப்போனார். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிச் சுவரின் நிழலுக்கும் பயந்தார். ஒருநாள் என் கையைப் பிடித்து, "நீ ஆர் பிள்ளை?" என்று கேட்டார். தங்கச்சி என்றேன். "எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார். கதவோடு சாய்ந்திருந்து எங்களைக் காத்த மனிதருக்கு அன்றும் பயம் இருந்திருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கும் பயம்தான் என்று சொல்லி, கட்டில் ஓரத்தில் அவரோடு ஒட்டி உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் நித்திரையானார்.

அண்ணாவை முகம் சுளிக்காமல் பராமரித்த தாதியருக்கும், சுகயீனம் கேட்டு ஓடிவந்த உறவினருக்கும், சுடலைவரை வந்து தோள் கொடுத்தவர்களுக்கும், அந்தியேட்டிக் கிரியைகளில் கலந்துகொண்ட உங்கள் எல்லோருக்கும் அண்ணியின் சார்பிலும் பிள்ளைகளின் சார்பிலும் நன்றி கூறுகிறோம். ஹெல்முட்டுக்கு அதை நேரிலேயே சொல்லிவிட்டேன்.

மிச்சம் ஒரு நன்றி அண்ணாவுக்கு. இந்தப் பயந்தாங்கொள்ளியின் சொல்லைக் கேட்டு அன்று கேப்பைக் கீழே வைத்தீர்களே, அதற்காக. நீங்கள் கேளாமல் விட்டிருந்தால் இந்த மலரை அந்த மாதமே அச்சடித்திருப்போம்.