பீலியில் கட்டிய துணி

றொசல்லவில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வாடகை வீடு இருந்தது. நான் ஹட்டனில் விலங்கியல் கற்பித்துவந்தேன். மலையோடையை மூங்கில்வழி திருப்பிக் கல்லின்மேல் விழச்செய்த பீலி ஒன்றே எங்களுக்கும் தொழிலாளர் குடியிருந்த பக்கத்து லயத்துக்கும் குடிநீர். பூச்சி வராமலிருக்க அதன் வாயில் துணி கட்டுவது வழக்கம். அது என் மனைவியின் வெளிறிய நூல்சேலையில் கிழித்தது.

விடிந்ததும் அவள் துணியை அவிழ்ப்பாள். இரவில் நீரோடு வந்து சிக்கிய சிற்றுயிர்களை எனக்குக் காட்டிவிட்டு ஓடையிலேயே உதறுவாள். சில, வாலில் மூன்று இழை கொண்டவை. சில, மணலை ஒட்டிக் கூடு கட்டி வாழ்பவை. கெடாத நீரில் மட்டுமே அவை நிலைக்கும் என்று சொல்லியிருந்தேன். அன்றுமுதல் அவை அவளுக்கு "நம்ம காவக்காரங்க."

ஒரு காலை துணி வெறுமையாக இருந்தது. மறுநாளும் அப்படியே. லயத்துப் பெண்கள் மகிழ்ந்தார்கள்.

"பாத்தீங்களாம்மா, இப்பதான் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரு பூச்சி பொட்டு கெடயாது."

நான் ஓடையோடு மேலேறிக் கற்களைப் புரட்டினேன். எதனடியிலும் அசைவில்லை. ஆளற்ற வீட்டில் ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்ப்பது எப்படியிருக்கும் என்பதை அப்போது நான் அறியேன். வளைவைத் தாண்டியதும் கல்லடியில் மீண்டும் நெளிவும் ஓட்டமும். தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டுக்கென்று புதிதாக வந்த மருந்தை அடித்துவிட்டு, ஆட்கள் டாங்கிகளைக் கழுவியது அந்த வளைவில்தான்.

தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன்.

"பூச்சி இல்லாத தண்ணிய குடிக்காதீங்கன்னு சொல்ற மொத ஆளு நீங்கதான் மாஸ்டர். நாளைக்கு கல்லு இல்லாத சோறும் வேணாம்பீங்க" என்று சிரித்தார்.

லயத்திலும் அதே சிரிப்பு. பிள்ளைகள் அந்த நீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். கொதிக்கவைத்தாலும் போகாத நஞ்சு அது.

வழி கண்டவள் என் மனைவி. நெஞ்சு நோய்க்காரி; மேடு ஏறலாகாது என்று டாக்டர் தடுத்திருந்தார். இருந்தும் அதே சேலையில் இன்னொரு துண்டு கிழித்துக்கொண்டு, நான் பள்ளியிலிருந்து திரும்புமுன், வளைவுக்கு மேலே ஓடையில் கட்டிவிட்டு வந்தாள். விடியலில் அதையும் அவிழ்த்து வந்து, இரண்டு துணிகளையும் பீலியருகே கல்லில் விரித்துப் பெண்களைக் கூப்பிட்டாள். ஒன்றில் உயிர்கள் துடித்தன. மற்றதில் ஈரம் மட்டுமே.

இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி குடத்தைக் கவிழ்த்தாள்.

"அடியே, இது செத்த தண்ணிடீ!"

மறுநாள் காலை, ஆள் பிரிக்கும் பெரட்டில் பெண்கள் கொழுந்துக் கூடையை எடுக்க மறுத்தார்கள். டாங்கி கழுவுமிடத்தை ஓடையைவிட்டுத் தொலைவில் வெட்டிய குழிக்குத் தோட்டத் துரை மாற்றிய பிறகே கொழுந்து பறிக்க மலைக்குப் போனார்கள். பீலி தெளியும்வரை வளைவுக்கு மேலிருந்து நீர் சுமந்தார்கள்.

"காவக்காரங்க வந்தா மொதல்ல எங்களுக்குச் சொல்லணும்மா."

"நானே வந்து சொல்றேன்."

தினமும் துணியை அவிழ்த்துப் பார்த்தாள். மழைக்காலத்தில், வெறுந்துணியையே கடைசியாகப் பார்த்தவளாக, இறந்தாள். மேடு ஏறியதால் வந்ததல்ல என்றார் டாக்டர். அவர் கற்றவர், நான் மேலும் கேட்கவில்லை.

அதன்பின் துணியை நான் அவிழ்த்தேன். ஒரு காலை அதில் ஒன்று இருந்தது, மூன்று இழைகளும் அசைய. துணியை ஏந்தியபடி வீட்டுப்பக்கம் திரும்பி, "இங்கே வா" என்றேன். சமையலறைக் கதவு சாத்தியிருந்தது.

ஒன்று சாட்சியாகாது என்று காத்திருந்தேன். நாட்கள் செல்ல, மணற்கூடு கட்டுபவையும் சிக்கின. வளைவிலிருந்து குடத்தோடு இறங்கிய பெண்கள் நான் நின்ற நிலையைக் கண்டு நின்றார்கள்.

"என்ன மாஸ்டர், வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க" என்றேன். என் வழக்கமான பேச்சல்ல அது. யாரும் சிரிக்கவில்லை. துணியை அவள் உதறும் இடத்திலேயே உதறினேன்.