இறக்கத்தில் நியூட்ரல்

மரக்காணத்தில் மேடு என்று எதுவும் கிடையாது. உப்புக் குவியல்தான் எங்களுக்கு உயரம். அந்த ஊரில் லாரி ஓட்டிப் பழகியவனைப் பார்த்து, மலைப்பாதையில் ஓட்டுவாயா என்று கேட்டால் அவன் என்னத்தைச் சொல்வான்? எண்பதுகளின் கடைசியில் என்னிடம் அப்படித்தான் கேட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

வண்டி என்னுடையது இல்லை, கோட்டக்குப்பத்து பாயுடையது. ஆனால் அவர் வாங்கிய நாளிலிருந்து என்னைத் தவிர வேறு யாரும் அதை ஓட்டியதில்லை. உப்பளத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டு விழுப்புரம், பண்ருட்டி என்று சமதரையில் போய் வந்துகொண்டிருந்தேன். அப்போது பாய்க்கு ஏற்காட்டு மளிகைக்காரர் ஒருவர் பழக்கமாகி, மாதாமாதம் உப்பு லோடு கேட்டார். முதல் லோடோடு போனபோது அடிவாரத்து செக்போஸ்ட்டில் என் லைசென்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் மலைக்கு ஒப்புதல் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். சரக்கு வண்டியை மலையில் ஓட்டுகிறவனுக்கு அது தனியாக வேண்டுமாம். மழை வேறு பிடித்துக்கொண்டது. தார்ப்பாயையும் மீறி உப்பு நனைந்து, வண்டிக்கு அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் உள்ளூர் டிரைவர் ஒருவரைப் பிடித்து ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு, என் வண்டியில் நானே கிளீனர் சீட்டில் உட்கார்ந்து மேலே போனேன். வழியெல்லாம் அவர் பக்கம் திரும்பாமல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தேன். பாவம், அவர் என்ன செய்தார்?

ஊர் திரும்பியதும் பாய் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஏம்பா, ஒரு லோடுக்கு ரெண்டு டிரைவரு வச்சா கட்டுப்படியாவுமா? லைசென்ஸுல அந்த மல சீல் குத்தி வாங்கிடு. இல்லனா சீலு இருக்கறவனத்தான் வண்டியில போடணும். கோச்சுக்காத."

கோபப்படாமல் என்ன செய்வது? என் வண்டியில் இன்னொருவனா? லைசென்ஸ் கொடுக்கும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓடினேன். மலையில் ஓட்டிய பழக்கம் உண்டா என்றார்கள். ஒப்புதல் இல்லாமல் எப்படி ஓட்டிப் பழகுவது என்று கேட்டேன். விதி அப்படி என்றார்கள். செருப்பு தேய நடந்த பிறகுதான், மலையில் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்டினால் போதும் என்று ஒருவர் வாய் திறந்தார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அவர் குடியா முழுகிப் போயிருக்கும்?

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாய் டீசலை அளந்துதான் போடுவார். எங்கள் பக்கம் எல்லா முதலாளியும் அப்படித்தான். அதனால் ஊரோ ரயில்வே கேட்டோ வருவதற்கு வெகு முன்னாலேயே கியரைத் தட்டி நியூட்ரலில் விட்டுவிடுவோம். வண்டி தானாக உருண்டு போய் நிற்கும். அது கைவந்தவன்தான் டிரைவர். "நம்மாளு கையில வண்டி டீசலே குடிக்காது" என்று பாய் நாலு பேரிடம் பெருமையடித்துக்கொள்வார்.

டெஸ்ட் அன்றைக்குக் காலி வண்டியோடு போனேன். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏற்றத்தில் ஒரு குறையும் இல்லை. வளைவில் நிறுத்தி, பின்னால் நகராமல் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்க வேண்டும் என்ற விதியைக் கேட்டார், சொன்னேன். இறங்கும்போது ஒரு வளைவு தாண்டி ரோடு கொஞ்சம் நேராக வந்தது. அவ்வளவுதான். என் கை என்னைக் கேட்காமலே கியரைத் தட்டிவிட்டது.

வண்டி பறந்தது. மறுபடி கியர் போடப் பார்த்தால் கரகரவென்று கத்துகிறதே தவிர விழவில்லை. பிரேக்கை மிதிக்க மிதிக்கக் கருகல் வாடை வந்தது. அடுத்த வளைவுக்கு முன்னால் மலைப் பக்கத்து மண்மேட்டில் உரசவிட்டு நிறுத்தினேன். மறுபக்கம் வெறும் ஆகாயம்.

இன்ஸ்பெக்டர் கீழே இறங்கி, புகையும் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு, "இறக்கத்துல நியூட்ரல் போடக்கூடாதுன்னு எதுக்குய்யா விதி வச்சிருக்காங்க? ஒன்ன மாதிரி ஆளுக்குத்தான்" என்றார். பதிலுக்கு நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. கேட்காமல் இறங்கிப் போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.

பாய் இன்னொரு தடவை டெஸ்ட்டுக்குப் போய்ப் பார் என்றார். அடுத்தடுத்த லோடில் அந்த உள்ளூர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எப்படி இரண்டாவது கியரிலேயே கடைசிவரை இறக்குகிறார் என்று பார்த்துப் பழகினேன். அடுத்த டெஸ்ட்டில் சீல் குத்திக் கொடுத்துவிட்டார்கள். பாய் வீட்டு வாசலில் நின்று லைசென்ஸை நீட்டினேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். இனி வண்டி நம்மிடம்தான் என்று நிம்மதியாகக் குடித்தேன்.

சில மாதம் போயிருக்கும். "டீசல் கூட ஆவுதேப்பா" என்றார்.

"மல ஏறுதுல்ல பாய்."

"மலைக்கு ஆவும். பண்ருட்டிக்கும் கூட ஆவுதே, அங்க ஏதுப்பா மல?"

அந்த இறக்கத்துக்குப் பிறகு என் கை நியூட்ரலுக்குப் போக மறுத்தது. சமதரைதானே, உருண்டு எங்கே விழப் போகிறோம் என்று எனக்கே ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டேன். கை கேட்கவில்லை.

ஒருநாள் திண்டிவனத்திலிருந்து பாயும் கூட வந்தார். கிளியனூர் நெருங்கும்போது, "ஊரு வருது, தட்டு" என்றார். கியரைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஓட்டினேன். அவர் பொறுக்க மாட்டாமல் கையை நீட்டித் தானே தட்டிவிட்டார். இன்ஜின் சத்தம் சட்டென்று அடங்கியது. நான் இரண்டு காலாலும் பிரேக்கில் ஏறி நின்றுவிட்டேன். வண்டி நட்டநடு ரோட்டில் குலுங்கி நின்றது. பாயின் நெற்றி கண்ணாடியில் மோதியது.

அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "இங்க எங்கப்பா உருண்டு வுழுவப் போற?" என்றுதான் கேட்டார்.

"எனக்குத் தெரியுது பாய். காலுக்குத் தெரியலையே."

அடுத்த வாரம் ஏற்காட்டு லோடே வேண்டாம், கட்டுப்படியாகவில்லை என்று விட்டுவிட்டார். சாவியையும் கேட்டார். அவர் கையில் கொடுக்காமல் மேசைமேல் எறிந்துவிட்டு வந்தேன். சீல் வாங்கு, வாங்கு என்று விரட்டியது யார்? வாங்கி வந்தவனை இறக்கிவிட்டது யார்? இதைக் கேட்க எந்த ஆபீசும் இல்லை.

கொஞ்ச நாள் கழித்துப் பெரிய முதலியார்சாவடியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வடக்கே என் வண்டி வருவது தெரிந்தது. ஸ்டியரிங்கில் புது ஆள். தூரத்திலேயே தட்டிவிட்டிருந்தான். என் எதிரில் அது சத்தமே இல்லாமல் உருண்டு போனது. டீ கையில் ததும்பியபோதுதான் பார்த்தேன், என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.