வலைக்குப் பக்கத்தில் கேட்ட குரல்

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கண்டெய்னர் கிடங்கின் வாசல் அறையில் எனக்கு வேலை. உள்ளே வரும் லோரிக்காரர்கள் கண்ணாடிக்குக் கீழே உள்ள இடுக்கு வழியாகத் தாள்களை நீட்டுவார்கள். முத்திரை குத்தித் திருப்பிக் கொடுப்பேன். நாள் முழுக்கக் கைகளைத்தான் பார்க்கிறேன், முகங்களை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. ஆனால் குரல்கள் மறக்காது.

ஐந்து வருஷமாகக் கிள்ளானில் ஒரு சிறிய பறவைக் குழுவிலும் இருக்கிறேன். செப்டம்பர் முதல் மார்ச் வரை எங்களுக்கு ஓய்வே கிடையாது. வடக்கே தரை உறையத் தொடங்கியதும் கரைப்பறவைகள் கூட்டம் கூட்டமாக இறங்கி வந்து எங்கள் சேற்றுக்கரையில் இரை தேடும். இங்கே குளிர் என்றால் விடாத மழையும் காயாத சட்டையும்தான். இருந்தாலும் குழுவில் எல்லாரும் அந்த மாதங்களை ‘விண்டர்’ என்றே சொல்வோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவோம். மீனவர்கள் விட்டுப்போன வலைத் துண்டுகளை இழுத்துப் போடுவோம். ஜனவரியில் பறவைகளை எண்ணுவோம்.

எண்ணுவதற்குக் கடல் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். தண்ணீர் சேற்றை மூடிவிட்டால் பறவைகளுக்கு நிற்க இடமிருக்காது. பக்கத்தில் கைவிடப்பட்ட இறால் குளங்களின் வரப்புகளில் வந்து ஒட்டி ஒட்டி நிற்கும். அந்த ஒரு மணி நேரத்தில் எண்ணி முடித்துவிட வேண்டும்.

ஒரு ஜனவரியில் வடக்குப் பக்கக் குளங்கள் எனக்கும் குழுவிலுள்ள ஓர் அக்காவுக்கும் விழுந்தன. அக்கா முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். செம்மண் சாலை முடியும் இடத்தில் என் வெள்ளை மைவி காரை நிறுத்திவிட்டுக் காலை எட்டு மணிக்கு வரப்பில் நடந்தோம். ஒரு பக்கம் குளம், இன்னொரு பக்கம் சதுப்புக்காடு. தூரத்தில் பவளக்காலியின் குரல் கேட்டது. சிவந்த கால்களுள்ள சின்னக் கரைப்பறவை அது. அதன் கூவல் மூன்று படியாக இறங்கி நிற்கும்.

கொஞ்ச தூரம் போனதும் எனக்கு என்னவோ போலிருந்தது.

“அக்கா, இது நிறுத்தவே மாட்டேங்குது. ஒரே மாதிரி கத்திக்கிட்டே இருக்கு.”

அக்கா நின்று கேட்டார். அதே மூன்று படி, அதே இடைவெளி, மறுபடியும் அதே.

“பறவை இல்லமா இது. ஸ்பீக்கர்.”

வளைவைத் தாண்டியதும் வலை தெரிந்தது. மூங்கில் கம்புகளுக்கு நடுவே முடி போன்ற கறுப்பு நைலான். பக்கத்துப் புதரில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பையிலிருந்து கூவல் வந்துகொண்டிருந்தது. தன் இனத்தின் குரல் என்று நம்பி இறங்கிய ஏழு பறவைகள் வலையில் தொங்கின. மூன்று செத்திருந்தன. மற்றவை எங்களைப் பார்த்ததும் உதறின, உதற உதற நூல் இன்னும் இறுகியது.

குழுவின் விதி தெளிவானது. வலையைத் தொடக் கூடாது. படம் எடு, இடத்தைக் குறி, வெளியே வந்து வனவிலங்கு அதிகாரிகளுக்குச் சொல். படம் எடுத்தேன். “போலாம் அக்கா,” என்றேன். என் கால்கள் அதற்கு முன்பே திரும்பியிருந்தன.

“அவங்க வர்றதுக்கு மத்தியானம் ஆயிடும். வெயில்ல இதுங்க தாங்காது,” என்று சொல்லிக்கொண்டே அக்கா முதலுதவிப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்.

அவர் நூலை வெட்டி ஒவ்வொன்றாகக் கொடுக்க, நான் துணிப்பையில் வாங்கினேன். துணி வழியாக அவற்றின் நெஞ்சு அடிப்பது என் விரலுக்குத் தெரிந்தது. நான்காவதை எடுத்த நேரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

ஓட இடமில்லை. வளைவுக்கு அப்புறம் வரப்பு நேராகப் போகிறது, யார் வந்தாலும் எங்களைப் பார்த்துவிடலாம். அக்கா என் கையைப் பிடித்துக் காட்டுப் பக்கம் இறக்கினார். ஆளுயரம் வளர்ந்த கடல்பெரணிச் செடிகளுக்குப் பின்னால் சேற்றில் முட்டி போட்டு உட்கார்ந்தோம். கடல் ஏறிக்கொண்டிருந்தது. முதலில் தொடை நனைந்தது, பிறகு இடுப்பு. பையைத் தண்ணீர் தொடாதபடி நெஞ்சோடு தூக்கிப் பிடித்தேன். உள்ளே ஒரு பறவை காலால் பிறாண்டியது. அந்தச் சத்தம் ஊருக்கே கேட்பது போலிருந்தது எனக்கு.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் மலாயில் கெட்ட வார்த்தை சொல்லி மூங்கிலை உதைத்தான். மற்றவன் தொலைபேசியில் தமிழில் பேசினான்.

“நெட்ட வெட்டியிருக்காங்க பாஸ். ஆளக் காணோம். ரோட்டுல ஒரு காடி நிக்குது, வெள்ளை மைவி. நம்பர் எடுத்துட்டேன்.” கொஞ்சம் கேட்டுவிட்டு, “செட்டல் லா, நான் பாத்துக்கிறேன்,” என்றான்.

புகைத்துப் புகைத்துக் கரகரத்துப் போன அந்தக் குரலை எனக்குத் தெரியும். வாரத்தில் மூன்று நாள் என் கண்ணாடி இடுக்கில் தாளை நீட்டி, முத்திரை விழுந்ததும் “செட்டல் லா அக்கா” என்று சொல்லிவிட்டுப் போகிற குரல். கிடங்கின் வாசலில் என் கார் நிற்பதை அவன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான்.

அவர்கள் ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு போன பிறகும் நாங்கள் வெகுநேரம் எழவில்லை. எழுந்தபோது என் ஒரு காலணி சேற்றிலேயே தங்கிவிட்டது. பறவைகளை வரப்பில் விட்டோம். மூன்று பறந்தன. ஒன்று இறக்கையைத் தொங்கவிட்டு நின்றது. அதை அக்கா பையிலேயே வைத்துக்கொண்டார்.

காரின் இரண்டு டயர்களில் காற்று இல்லை. முன்கண்ணாடி வைப்பருக்கு அடியில் செத்த பவளக்காலி ஒன்றைச் செருகி வைத்திருந்தார்கள். அதன் சிவந்த கால்கள் எங்களைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. கதவுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தோம். குழுவின் பொறுப்பாளர் வந்து சேரும்வரை, ஒரு மணி நேரம், நான் பின்பக்கக் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அக்கா மடியில் பையை வைத்துக்கொண்டு எண்ணிக்கைத் தாளை எடுத்தார்.

“ஏழுன்னு எழுதவா, நாலுன்னு எழுதவா?” என்று கேட்டார்.

சாயங்காலம் வனவிலங்கு அதிகாரி ஒருவர் தொலைபேசியில் பேசினார். யாரையாவது அடையாளம் தெரியுமா என்று கேட்டார். முகத்தைப் பார்க்கவில்லை என்றேன். அது உண்மைதான். குரலைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டயருக்கு அன்றே காற்று அடித்துக் காரை வீட்டுக்குக் கொண்டுவந்தாகிவிட்டது. ஆனால் மறுநாள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு கொம்யூட்டர் ரயிலில் வேலைக்குப் போனேன். வீட்டில் கேட்டதற்குப் பிரேக் சரியில்லை என்று சொன்னேன். லோரி ஒவ்வொன்றும் வாசலில் மூச்சு விட்டு நிற்கும்போது ஓட்டுநரின் குரலுக்குக் காது கொடுப்பேன். மூன்றாம் நாள் மழையில் அவன் வந்தான். ஈரக் கை தாளை நீட்டியது. விரல்களில் நைலான் அறுத்த மெல்லிய கோடுகள். முத்திரையைத் தாளுக்கு வெளியே குத்திவிட்டேன்.

“அக்கா,” என்றான் மெதுவாக. “டயர் சரி பண்ணிட்டீங்களா?”

பல வருஷங்களில் முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தேன். என்னைவிட இளையவன்தான். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு.

“காத்து எறக்குனது நான்தான். இல்லாட்டி என்கூட வந்தவன் கண்ணாடிய ஒடைச்சிருப்பான். பொல்லாதவன் அவன். அந்தக் குருவிய வச்சதும் அவன்தான்.” பின்னால் நின்ற லோரி ஹாரன் அடித்தது. “உங்க நம்பர நான் யாருக்கும் குடுக்கல. ஆனா அங்க திரும்ப வராதீங்க. நான் இல்லாத நாள்ல வந்துட்டீங்கனா, என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது.”

“நீ ஏன் இதுக்குப் போற?” என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இன்றும் தெரியவில்லை.

அவன் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் என்னைக் காப்பாற்றினானா, மிரட்டினானா என்று இரண்டு வாரம் யோசித்தேன். இரண்டுமே என்றுதான் பட்டது. அதுதான் அதிகம் பயமாக இருந்தது. அவனைப் பற்றி அதிகாரியிடம் சொன்னால், சொன்னது நான்தான் என்று அவனுக்கு உடனே தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் வலை இன்னொரு வரப்புக்கு மாறும். இதற்கிடையே காயப்பட்ட பறவை தேறி, அக்கா அதைக் கரையில் விட்டுவிட்டு வந்து எனக்குப் போன் செய்தார். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைத் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“பயமா இருக்கா?”

“ரொம்ப.”

“எனக்கும்தான். அன்னைக்கு வலைய நான் வெட்டாம இருந்திருந்தா உனக்கு இந்தத் தொல்லையே இல்ல. நாளைக்கு லீவு போடு. ஒண்ணாப் போவோம்.”

மறுநாள் அதிகாரியின் அறையில் உட்கார்ந்து, குரலையும் லோரியையும் கண்ணாடி இடுக்கில் அவன் பேசியதையும் சொன்னேன். அவன்தான் எங்கள் காரைக் காப்பாற்றினான் என்பதையும் விடாமல் எழுதச் சொன்னேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். ஒரு வீட்டின் பின்கட்டில் உறைபெட்டி நிறைய, இறைச்சிக்காக விற்க வைத்திருந்த பறவைகள் இருந்ததாகவும் மற்றவனைப் பிடித்ததாகவும் அதிகாரி சொன்னார். அந்த வீட்டைக் காட்டிக் கொடுத்தது லோரிக்காரனே. அவன்மேலும் வழக்கு உண்டு. அவன் ‘பாஸ்’ என்று அழைத்தது யாரை என்று மட்டும் இன்னும் தெரியவில்லை. அவன் ஓட்டிய லோரியை இப்போது வேறொருவர் கொண்டுவருகிறார். அவனைப் பற்றி அவரிடம் நான் விசாரித்ததில்லை.

பயம் அதோடு தீர்ந்துவிடவில்லை. கார் நிறுத்துமிடத்தில் யாராவது என் வண்டிக்குப் பக்கத்தில் நின்றால் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் போகிறேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுப்பதில்லை.

அடுத்த ஜனவரியில் குழு விதியை மாற்றியது. வடக்குக் குளங்களுக்கு இனி ஐந்து பேராகத்தான் போக வேண்டும். அக்கா பெயர் கொடுத்தார். என்னிடம் யாரும் கேட்கவில்லை, என் பெயரை நானாகத்தான் கொடுத்தேன். கடல் ஏறி வரப்பு நிறையப் பறவைகள் வந்து நின்றபோது அக்கா தொலைநோக்கியில் பார்த்து எண்ணிச் சொல்ல, நான் எழுதினேன். வரப்பைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே எழுதியதில் என் எழுத்தெல்லாம் கோணலாக விழுந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது.