முப்பது நிமிட விதி

அமெரிக்காவில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, தாய்லாந்தில் குடியேறிய அமெரிக்கர்களின் புலம்பலைக் கேட்பது. பெரிய கம்பெனிகள் தங்கள் ஆட்களைப் பாங்காக்குக்கு மாற்றினால் வீடு, பள்ளிக்கூடம், விசா எல்லாம் ஏற்பாடு செய்துகொடுக்கும் நிறுவனம் ஒன்று நாங்கள் குடியிருந்த பிளெய்ன்ஸ்பரோவில் இருந்தது. போன பிறகு அவர்களுக்கு எந்தச் சிக்கல் வந்தாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். எங்களுக்குக் காலை ஏழு மணி என்றால் அங்கே மாலை ஆறு. வேலை முடிந்து வீடு திரும்பி, அந்த ஊர்மேல் எரிச்சல் பொங்குகிற நேரம்.

வாசலில் காவல் தெய்வத்துக்கு வைத்திருக்கிற குட்டிச் சாமி வீட்டை எடுக்க வீட்டு ஓனர் மறுக்கிறார். தெருநாய்கள் ஜாகிங் போக விடுவதில்லை. வேலைக்காரம்மா எதைச் சொன்னாலும் சிரிக்கிறாள், செய்வதில்லை. இப்படித்தான் இருக்கும். அவர்களுடைய விசா கவலைகளை எல்லாம் நான் தீர்த்துவைத்தேன். என் விசா கவலையைத் தீர்க்கத்தான் ஆள் இல்லை.

ஒருமுறை வயிற்றுக் கடுப்பு என்று அழாத குறையாகப் பேசிய ஒருவரிடம், மோரில் பெருங்காயம் கலந்து குடியுங்கள் என்று சொல்லித் தொலைத்தேன். மனிதருக்குச் சரியாகிவிட்டது. நன்றி சொல்லி என் மேனேஜருக்கு மெயில் போட்டுவிட்டார், புண்ணியவான்! மேனேஜர் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: கையேட்டில் இல்லாத எதையும் சொல்லக் கூடாது, எல்லா அழைப்பும் பதிவாகிறது, இன்னொரு தடவை நடந்தால் நீ இங்கே இருக்க மாட்டாய்.

அது 2003. என் வீட்டுக்காரருக்கு வேலை போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. என்னுடைய ஹெச்-1 விசாவை நம்பித்தான் நாங்கள் இருவரும் எங்கள் மகனும் அந்த நாட்டில் இருந்தோம்.

“வாயக் கட்டிக்கோம்மா,” என்றார் அவர். “அந்த புக்ல இருக்கிறதைப் படி, போனை வை. எக்ஸ்ட்ரா எதுவும் பேசாத. இந்த ஜாபும் போச்சுன்னா பேக் பண்ணிட்டு பிளைட் ஏற வேண்டியதுதான்.”

அடுத்த வாரமே அந்த போன் வந்தது. காலை ஏழரை. எடுத்தவுடன் மூச்சிரைப்புதான் கேட்டது. பாங்காக்கில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஓர் அம்மா. நாலு வயது மகனைக் காணோம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாய்லாந்து ஆயாவையும் காணோம். பேச்சு இங்கிலீஷில்தான் நடந்தது. ஆனால் எனக்குள் அது இன்றைக்கும் தமிழில்தான் ஓடுகிறது.

“எவ்வளவு நேரமாச்சு மேடம்?”

“ஒரு மணி நேரம். அவ போன் இங்க கிச்சன்லயே கிடக்குது.”

கையேட்டின்படி கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டேன். என்ன உடை, உடம்பு எப்படி, கடைசியாக யார் பார்த்தது.

“உடம்பா? மூணு நாளா சரியாவே தூங்கல. நாய் துரத்திடுச்சு. அதுலருந்து தூக்கத்துல அலறி எழுந்துக்கிறான். அவ எங்கயோ கூட்டிட்டுப் போகணும்னு சொல்லிட்டே இருந்தா. கையைப் பிடிச்சு ஏதோ கட்டுற மாதிரி காட்டினா. நான்தான் முடியாது, டாக்டர்கிட்ட காட்டுறேன்னு சத்தம் போட்டேன்.”

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. பயந்த கோளாறு! என் மகன் எட்டு மாதத்தில் வெடிச் சத்தத்துக்குப் பயந்து வீறிட்டு அழுதபோது, என் நாத்தனார் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்தி நேர மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள் ஓதி ஊதட்டும் என்று, மற்ற தாய்மாரோடு பள்ளிவாசல் வாசலில் நின்றிருந்தாள். நான் தெருவெல்லாம் தேடி, கண்டதும் கண்டபடி திட்டினேன். பிள்ளை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். இந்த ஆயாவும் பையனைப் பக்கத்தில் ஏதாவது புத்தர் கோயிலுக்குத்தான் கொண்டுபோயிருப்பாள். பிக்கு மந்திரம் சொல்லி மணிக்கட்டில் நூல் கட்டுவார்.

அந்த அம்மா அழுதுகொண்டே கேட்டார். “நீங்க இந்தியாதானே? உங்களுக்கு ஏதாவது தெரியுமா? எங்க கூட்டிட்டுப் போயிருப்பா?”

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பதிவாகிறது என்பதற்கான சிவப்பு விளக்கு கண் எதிரே எரிந்தது. என் ஊகம் தப்பாக இருந்தால்? அவள் நிஜமாகவே கடத்தியிருந்தால்? இதெல்லாம் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம். போலீசையும் கூப்பிட்டு, கோயிலிலும் பாருங்கள் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் யாருக்கும் எதுவும் கெட்டிருக்காது. நான் பயந்தேன், அவ்வளவுதான்.

“ஊகமா எதையும் சொல்ல எனக்கு அனுமதி இல்ல மேடம். குழந்தையை முப்பது நிமிஷத்துக்கு மேல காணலைன்னா போலீசுக்குச் சொல்லணும்கிறது விதி. இப்ப கனெக்ட் பண்றேன்.”

நானேதான் இணைப்புக் கொடுத்தேன். கடத்தல் சந்தேகம் என்ற வார்த்தையைச் சொன்னதும் நான்தான். கையேட்டில் அப்படித்தான் இருந்தது.

அதன் பிறகு இரண்டு மணி நேரம். வேறு அழைப்புகள் வந்தன, ஏதோ பதில் சொன்னேன். பையனுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று துஆ கேட்டேன். இடையிடையே, என் ஊகம் தப்பாக இருந்தால் நான் செய்தது சரியாகிவிடுமே என்றும் ஒரு நினைப்பு வந்தது. இதை எழுதவே கூசுகிறது.

மறுபடி அவரே கூப்பிட்டார். குரலில் களைப்பு. பையன் வந்துவிட்டான். ஆயாவும் அவனும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பையன் கையில் குச்சி ஐஸ். லாபியில் நின்ற போலீஸ் அவளைப் பிடித்து விலங்கு போட்டது. பையன் அவள் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை, பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

“மணிக்கட்டுல ஒரு வெள்ளை நூல் இருக்கு. வெட்டப் போனா கத்துறான். இது என்ன, ஆபத்தானதா?”

“இல்ல மேடம். பிரார்த்தனை பண்ணிக் கட்டினது. குழந்தை பயந்திருந்தா கட்டுவாங்க. எங்க ஊர்லயும் இந்த மாதிரி உண்டு.”



“நான் கேட்டேனே,” என்றார். கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கோயிலுக்கு ஓடியிருப்பேனே. இப்ப ஸ்டேஷன்ல நான் என்ன சொன்னாலும் அவளை விட மாட்டேங்கிறாங்க. கேஸ் எழுதிட்டாங்களாம்.”

சாயங்காலம் மேனேஜர் பதிவைக் கேட்டுவிட்டு என் மேசைக்கே வந்தார். இம்மி பிசகாமல் விதிப்படி நடந்துகொண்டதாகச் சொல்லி முதுகில் தட்டினார். நான் தேங்க்யூ சொன்னேன். அன்று என் வேலை தப்பியது. ஜெயிலுக்குப் போனவள் அவள்.