தொண்ணூற்றொன்பதரையில் ஒரு முட்டை

சமாதானம் என்ற சொல் பேப்பரிலிருந்து மறுபடி காணாமல் போயிருந்த நாட்கள். திருகோணமலை டவுனில் ரேடியோ திருத்தும் கடையொன்றில் எனக்கு வேலை. மத்தியானத்தில் பக்கத்து நெற் கபேக்குப் போய், எலெக்ட்ரோனிக்ஸ் பைத்தியங்கள் தாங்கள் செய்தவற்றைப் போட்டுக் காட்டும் தமிழ்த் தளமொன்றை மேய்வேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்பதால் அங்கே எழுதப் பயம். "நன்றி" என்று மட்டும் போடுவேன். போட்ட பிறகு அதுவும் கூடிப்போயிற்றோ என்று கவலைப்படுவேன்.

கோழியில்லாமல் முட்டையைக் குஞ்சு பொரிக்க வைக்கும் பெட்டியை அங்கேதான் கண்டேன். ஒரு பல்ப், சூட்டை அளக்கும் சென்சர், பல்பைப் போட்டு அணைக்கச் சின்னதாய் ஒரு சிப். படம் கலியாண அல்பம் போல இருந்தது. "சூடு 99.5இல் வைக்கவும்" என்றொரு வரி. கீழே எல்லாரும் "சூப்பர்", "கலக்கல்" என்று எழுதியிருந்தார்கள்.

கிண்ணியாவில் இருந்த என் கூட்டாளியின் மனைவிக்கு அவனும் நானும் அதைச் செய்து கொடுத்தோம். அவரை நான் ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவேன். 99.5 வரும்வரை பல்ப் அணையவேயில்லை. ராத்தா ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தார்.

"உப்பும் மிளகுத்தூளும்தான் குறை."

காய்ச்சல் பார்க்கும் தேமோமீற்றரை எடுத்து வந்து கூட்டாளி சொன்னான்: "மச்சான், இதுல தொண்ணூற்றெட்டு எண்டா ஆள் சுகம். அவன் சொன்னது இந்தக் கணக்கு. நீ செஞ்சது தண்ணி கொதிக்கிற கணக்கு."

எழுதியவர் பாரன்ஹீட்டில் எழுதியிருக்கிறார். என் சென்சரோ செல்சியஸ்.

ராத்தா புது முட்டைகளை வைத்தார். "இதுவும் அவிஞ்சா பெட்டி அடுப்புக்குள்ள போகும் தம்பி." சிப்பில் பதிந்த சூட்டின் அளவை மாற்ற, அது இருந்த போர்டைக் கழற்றி டவுனுக்குக் கொண்டுபோனோம். நாங்கள் திரும்பும்வரை அவர் தேமோமீற்றரைப் பார்த்துப் பார்த்துக் கையால் பல்பைப் போட்டு அணைக்க வேண்டும்.

திரும்பும்போது படகுத்துறைச் சென்றியில், ஆமிக் காவலரணில், மறித்தார்கள். ஒளிக்கிறோம் என்று நினைக்கக்கூடாதென்று போர்டை வெளியே தெரியும் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்திருந்தேன். வயர்கள் எல்லாம் வடிவாகத் தெரிந்தன. ஆமிக்காரன் என்னவென்று கேட்டான்.

"மைக்ரோகொன்ட்ரோலர், ரிலே, ரைமர்..." என்று தொடங்கினேன். ரைமர் என்றதும், குண்டென்று நினைத்தார்களோ, இன்னும் இரண்டு பேர் துவக்கை நீட்டிக்கொண்டு வந்து நின்றார்கள்.

கூட்டாளி சிங்களத்தில் குறுக்கே விழுந்தான். "முட்டை, ஐயா. இது கோழிக்குப் பதிலா அடைகாக்கும். இப்ப மனிசிதான் காக்குறா. பிந்தினா என்னை அவிச்சிருவா."

ஆமிக்காரன் சிரித்தான். பிறகு என்னைப் பார்த்து, "எவ்வளவு சூடு?" என்றான்.

"முப்பத்தேழரை. செல்சியஸ்."

"போ."

பாதையில், அதாவது வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி அக்கரைக்குப் போகும் அந்த மிதவையில், நின்றபடி யோசித்தேன். அத்தனை "சூப்பர்"காரரில் ஒருவரும் கேட்காததை இவன் கேட்டுவிட்டான்.

அந்தக் கிழமை முடிவதற்குள் தளத்தில் முதல் முறையாக நீளமாக எழுதினேன். படத்துக்கு முன்னால் இது எதற்கு என்று ஒரு வரி போடுங்கள். எண் எழுதினால் என்ன அளவு என்றும் எழுதுங்கள். எது எரிந்தது, எது அவிந்தது என்பதையும் ஒளிக்காதீர்கள். சென்றியில் நின்று சொல்வது போல எழுதுங்கள்.

"இஞ்ச துவக்கோட ஒருத்தரும் இல்லை, ஐசே," என்று ஒருவர் நக்கலடித்தார். பெட்டியைப் போட்டவர் மட்டும் தன் வரிக்குப் பக்கத்தில் "பாரன்ஹீட்" என்று சேர்த்தார். "முதலில் உங்கட முட்டை பொரிக்கட்டும், பிறகு எங்களுக்குப் பாடம் எடுங்கோ," என்றார் இன்னொருவர்.

அதற்குப் பிறகு எனக்கு நித்திரை ஏது? கரண்ட் போனால் பயம், வந்தாலும் பயம். ராத்தாவுக்கு ஓயாமல் போன் எடுத்தேன். ஒருநாள் அவரே எனக்கு எடுத்தார்.

"தம்பி, பெட்டிக்குள்ள சத்தம் கேக்குது."

"ஐயோ, ரிலே சத்தமா? சூடு எவ்வளவு காட்டுது?"

"அதக் குஞ்சிட்டக் கேளுங்க," என்று போனைப் பெட்டிக்குள் பிடித்தார்.